ஜப்தியும் தட்டுமுட்டுச் சாமானும்

கடன் என்பது இல்லறத்தார்க்குப் புதிதன்று. பெண்ணுக்கு மணம் முடிக்கவும், பிள்ளையைப் படிக்கவைக்கவும், கூரையைப் பிரித்து ஓடு போடவும், புதுத் தறி இறக்கவும் நம் குலத்தார் தலைமுறை தலைமுறையாகக் கடன் வாங்கியே வந்திருக்கின்றனர். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தல் அறம் என்பதில் நமக்குச் சிறிதும் ஐயமில்லை. கொடுக்க இயலாதவிடத்து ஈடுவைத்த வீடு கைமாறிப் போவதும் உலகியலே. ஆயினும், வீடு போகும்பொழுது அதனுள் இருந்த சோற்றுப் பானையும், பாயும் தலையணையும், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களும், பாவு ஏற்றிய தறியும் கூடவே போய்விடுகின்றனவே, அஃது எந்த நியாயத்தினால் என்று கேட்டவர் நம்முள் மிகச் சிலரே. "ஜப்தி என்றால் எல்லாம் போவதுதானே" என்று சொல்லி வாய்மூடி இருப்பதே வழக்கமாய்விட்டது.

இவ்வெண்ணம் பிழையானது. வீடு கடனுக்குப் போகலாம். சமைக்கும் பாத்திரமும், படுக்கையும், தொழிற்கருவியும், தாலியும் கடனுக்குப் போகா என்பது இந்நாட்டுச் சட்டம் நூறாண்டுகளுக்கு மேலாக ஒப்புக்கொண்ட முறை. அங்ஙனமிருந்தும் அவை போகின்றன எனின், பெரும்பாலும் அதற்குக் காரணம் சட்டம் அன்று. சாமான்களுக்குப் பட்டியல் இல்லாமையும், பட்டியலுக்குச் சாட்சி இல்லாமையுமே. இதனை வரலாற்று முறையில் எடுத்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் பண்டைக் காலத்தை நோக்குவோம். சோழ பாண்டியர் காலத்துக் கல்வெட்டுக்களிலே, இறை செலுத்தாதார் வீட்டில் வெண்கலப் பாத்திரங்களைப் பறித்து மண்பாத்திரங்களை உடைக்கும் வழக்கம் குறிக்கப்பட்டிருக்கின்றது. வெண்கலம் விற்றால் பணமாகும். ஆதலால் அதனை எடுத்தனர். மண்சட்டி விற்றால் ஒரு காசும் பெறாது. எனினும் அதனை உடைத்தனர். உடைத்தது எதன் பொருட்டு? அன்று மாலை அவ்வீட்டில் உலை ஏறாதிருக்கவேண்டும் என்பதன் பொருட்டே. வெண்கலத்தை எடுத்தல் பாக்கியை வசூலிக்கும் வழி. மண்சட்டியை உடைத்தல் மானத்தை வாங்கும் வழி. இவ்விரண்டும் வேறு வேறு என்பதனை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். பின்வந்த ஜப்திச் சட்டங்களின் வரலாறு முழுவதும் இவ்விரண்டனையும் பிரித்து, முன்னதை ஒழுங்கிற்கு உட்படுத்திப் பின்னதை விலக்குவதற்கு நடந்த முயற்சியே என்று கூறலாம்.

நெசவுத் தொழிலுக்கும் இறை இருந்தது. தறியிறை, தறிக்கடமை என்னும் பெயர்கள் கல்வெட்டுக்களில் பயில்கின்றன. தறி ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு வாங்கப்பட்டமையால், தறியே வரிக்குக் காரணமாயிற்று. வரி நின்றால் முதலிற் கண்ணிற் பட்டதும் அத்தறியே. தறி போனால் வரி கொடுப்பவன் எங்ஙனம் மீண்டும் கொடுப்பான் என்னும் எளிய வினாவைச் சட்டத்தில் எழுதிவைக்க இந்நாட்டில் நெடுங்காலம் சென்றது.

கும்பினியார் காலத்தில் துன்பம் வேறு உருவங் கொண்டது. அவர்கள் சீமைக்கு அனுப்பும் துணிகளுக்கு நெசவாளரிடம் முன்பணம் கொடுத்து வைப்பர். முன்பணம் பெற்றவன் வேறொருவருக்கு நெய்தல் கூடாது. குறித்த நாளில் துணி வரவில்லையானால் சேவகர்கள் வாயிலில் வந்து உட்காருவர். வங்காளத்தில் இம்முறை நடந்த விதத்தைக் கும்பினி உத்தியோகத்திலிருந்து விலகிய வில்லியம் போல்ட்ஸ் என்பவர் 1772-ஆம் வருஷத்தில் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். அபராதம், சிறை, கசையடி, பலவந்தமாக எழுதி வாங்கிய பத்திரம் ஆகிய இவையெல்லாம் நெசவாளர்மேல் பிரயோகிக்கப்பட்டன என்பது அவர் கூற்று.

சென்னை ராஜதானியில் நிலவரி வசூலும் இதனினும் மென்மையாக நடந்ததன்று. 1802-ஆம் வருஷத்து 28-வது ரெகுலேஷன், குத்தகை பாக்கிக்காகக் குடிகளின் அசையும் பொருள்களைக் கைப்பற்றும் அதிகாரத்தை ஜமீன்தார்களுக்குக் கொடுத்தது. சர்க்கார் நிலங்களிலோ வசூல் செய்யும் சிப்பந்திகள் குடிகளின் உடம்பின்மீதே கைவைத்தனர். இச்செய்தி 1854-ஆம் வருஷத்தில் ஆங்கில பார்லிமெண்டு வரை எட்டவே, சென்னையில் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் கொண்ட விசாரணைக் கமிஷன் ஒன்று ஏற்பட்டது. சித்திரவதைக் கமிஷன் என்று பெயர் பெற்ற அதன் அறிக்கை 1855-ஆம் வருஷத்தில் வெளிவந்தது. விரல்களை இரு மரத்துண்டுகளின் இடையே வைத்து நெருக்கும் கிட்டியும், தலையைக் காலோடு சேர்த்துக் குனியக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாளும் வரிவசூலுக்கு வழங்கினவென்று அவ்வறிக்கை ஒப்புக்கொண்டது. நம் மொழியிலிருந்து அவ்வறிக்கைக்குள் சென்ற சொற்கள் இத்தகையன என்பது எண்ணுந்தோறும் வருத்தந்தருவதாகும்.

இக்கமிஷனுக்குப் பின்னர்த்தான், உடம்பைத் தொடாமல் பொருளை மட்டும் தொடுவதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. 1864-ஆம் வருஷத்து இரண்டாவது சட்டமாகிய வருவாய் வசூல் சட்டம் அவ்வாறு எழுந்ததே. அச்சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் வழக்கிலிருக்கிறது. கலெக்டர் காரியாலயத்திலிருந்து வருபவன் பாக்கிதாரரின் பெயரும் பாக்கித் தொகையும் எழுதிய உத்தரவைக் கொண்டுவந்து முதலில் காட்டவேண்டும். பணம் வரவில்லையானால் பொருளைக் கைப்பற்றலாம். கைப்பற்றிய பொருள்களுக்குப் பட்டியல் எழுதி அதன் நகலைப் பாக்கிதாரரிடம் கொடுக்கவேண்டும். சூரியன் உதித்த பின்னரும் அஸ்தமிப்பதற்கு முன்னருமே இது நடைபெறவேண்டும். பெண்டிர் உறையும் அறைக்குள் நினைத்தபடி புகலாகாது. இவை அச்சட்டத்தின் முக்கியமான நிபந்தனைகள்.

இவற்றுள் பட்டியல் என்பதே நாம் கருதவேண்டுவது. பட்டியல் எழுதப்பட்டவுடன் எடுத்தவன் பொறுப்பாளியாகின்றான். ஐந்து வெண்கலப் பாத்திரம் எடுத்தவன் ஏலத்தில் நான்கிற்குக் கணக்குக் காட்டினால், ஐந்தாவது எங்கே என்று கேட்க ஆதாரம் கிடைக்கின்றது. பட்டியல் இல்லாவிடத்து எடுத்தவன் சொன்னதே கணக்கு.

நிற்க. இனிச் சிவில் கோர்ட்டுகளின் வழியைக் காண்போம். இந்தியா முழுமைக்கும் பொதுவாக எழுந்த முதற் சிவில் நடைமுறைச் சட்டம் 1859-ஆம் வருஷத்தது. டிக்ரி பெற்ற கடன்காரர் அமீனாவுடன் வந்து ஜப்தி செய்யும் காட்சி அக்காலந் தொட்டு ஊர்தோறும் பழகிப்போயிற்று. 1875-ஆம் வருஷத்தில் புனா, ஆமத்நகர் ஜில்லாக்களின் குடியானவர்கள் கலகஞ் செய்தனர். சூப்பா என்னும் ஊரில் மே மாதத்தில் தொடங்கிய அக்கலகத்தில் அவர்கள் பெரும்பாலும் தேடிச் சென்று எரித்தவை கடன் பத்திரங்களும் டிக்ரிகளுமே. கோர்ட்டின் துணை கொண்டு வீடு நிலங்களை இழந்தோரின் சினம் அது என்பதைச் சர்க்கார் நியமித்த விசாரணைக் கமிஷன் கண்டது. அதன் பயனாக 1879-ஆம் வருஷத்தில் தக்காணக் குடியானவர் நிவாரணச் சட்டம் பிறந்தது.

இதற்கிடையே 1877-ஆம் வருஷத்தில் சிவில் நடைமுறைச் சட்டம் புதுக்கி எழுதப்பட்டது. அதில், ஜப்தி செய்யலாகாத பொருள்கள் பெயர் சொல்லி விலக்கப்பட்டன. கடன்பட்டவனுக்கும் அவன் மனைவி மக்களுக்கும் வேண்டிய உடுப்பு, கைவினைஞரின் கருவிகள், குடியானவனின் உழவுக் கருவிகள், அவன் பிழைப்பிற்கு இன்றியமையாத மாடுகள் ஆகியவை அப்பட்டியலில் இடம்பெற்றன. கருவி போனால் கடனும் போகும், கருவி இருந்தால் கடன் ஒருநாள் தீரும் என்னும் எளிய உண்மை அவ்வகையிற் சட்டமாயிற்று.

1908-ஆம் வருஷத்து ஐந்தாவது சட்டமாகிய இன்றைய சிவில் நடைமுறைச் சட்டம் அப்பட்டியலை விரிவாகக் கூறுகின்றது. அதன் 60-வது பிரிவை நம் குலத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம். உடுப்போடு சமையற் பாத்திரங்கள், கட்டில், படுக்கை ஆகியவையும், சமய வழக்கப்படி எந்தப் பெண்ணும் நீக்கலாகாத அணிகலன்களும் ஜப்திக்கு உட்படா என்று அப்பிரிவு சொல்லுகின்றது. நம் நாட்டில் அவ்வணிகலனுள் தலையாயது தாலி என்பதை விளக்கவேண்டுவதில்லை. உழவனுக்கு விதைத் தானியமும் விலக்கப்பட்டது. குடியானவன் குடியிருக்கும் வீடும் அங்ஙனமே; 1976-ஆம் வருஷத்துத் திருத்தம் கூலியாளுக்கும் வீட்டு வேலைக்காரருக்கும் அப்பாதுகாப்பை அளித்தது. கணக்குப் புத்தகங்களும் விலக்கப்பட்டவையே. பழங்காலத்தில் உடைக்கப்பட்ட அச்சோற்றுச் சட்டிக்கு இந்நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இங்ஙனம் ஓரிடம் கிடைத்தது.

அச்சட்டத்தின் 62-வது பிரிவும் கருதத்தக்கது. சூரிய அஸ்தமனத்திற்குப் பின்னும் உதயத்திற்கு முன்னும் ஜப்திக்காக ஒரு வீட்டினுள் நுழையலாகாது. வெளியே வாராத வழக்கமுடைய பெண்டிர் இருக்கும் அறையானால், அவர்கள் விலகிச் செல்லலாமென அறிவித்து, செல்வதற்கு வேண்டிய நேரமும் வசதியும் கொடுத்த பின்னரே உள்ளே செல்லவேண்டும். மேலும், ஜப்தி செய்த அசையும் பொருளை அமீனா தன் காவலிலோ தன் கீழ்ப்பட்டவர் காவலிலோ வைத்து, அதற்குத் தானே பொறுப்பாளியாக வேண்டும் என்பது 21-வது ஆர்டரின் 43-வது விதி.

பட்டணத்து வாசிகளுக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய மூன்று ராஜதானி நகரங்களிலும் 1882-ஆம் வருஷத்து ஸ்மால் காஸ் கோர்ட்டுச் சட்டம், வாடகை பாக்கிக்காகக் குடித்தனக்காரரின் சாமான்களைக் கைப்பற்ற வீட்டுக்காரருக்கு வழிவகுத்தது. ஆனால் வீட்டுக்காரர் தாமே எடுத்தல் கூடாது; கோர்ட்டின் வாரண்டு பெற்றுக் கோர்ட்டுச் சேவகனே எடுக்கவேண்டும். எடுக்கும் வேளையில் ஒருவன் கையில் பிடித்துப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பொருளைப் பறிக்கலாகாது என்பது அதிலுள்ள விதி. சட்டம் எழுதியோர் தொழில் செய்யும் கையை மதித்த இடம் இஃதொன்று.

இவ்வளவு விதிகள் இருந்தும் நடைமுறையில் என்ன நடந்தது? அசையாச் சொத்தை ஜப்தி செய்யுங்கால் அவ்விடத்தில் தமுக்கடித்து அறிவிக்கவேண்டும் என்று 1908-ஆம் வருஷத்துச் சட்டமே கூறுகின்றது. ஏலம் நியாயமாக நடப்பதற்காக எழுதப்பட்ட விதி அது; பத்துப்பேர் அறிந்தால் நல்ல விலை வரும். ஆனால் தமுக்கின் ஓசை தெருவில் கேட்டமாத்திரத்தில் நம்மவர் செய்தது யாது? வீட்டுக்குரியவன் பின்வாசல் வழியே உறவினர் வீட்டிற்குப் போய்விடுவான். பெண்டிர் முகத்தை மூடிக்கொண்டு குழந்தைகளோடு கோயில் மண்டபத்தில் போய் அமர்வர். பக்கத்து வீட்டார், அவர்களும் நம்மவரே, "நாம் பார்த்தால் அவர்களுக்கு அவமானம்" என்று கதவைச் சாத்திக்கொள்வர். உள்ளே நுழைந்த அமீனாவுக்குப் பட்டியலில் கையெழுத்திடச் சாட்சி வேண்டும். அச்சாட்சி யார்? கடன்காரர் தம்முடன் அழைத்து வந்த ஆட்களே. விலக்கப்பட்ட பாத்திரம் இது, கருவி இது என்று எடுத்துச் சொல்ல அவ்விடத்தில் ஒருவரும் இலர். சட்டம் கொடுத்த பாதுகாப்பு கேட்பார் இன்மையால் வீணாயிற்று.

நெசவாளர் வீட்டில் இதனால் வந்த கேடு இரட்டிப்பானது. கூலிக்கு நெய்பவன் தறியில் ஏற்றியிருக்கும் பாவும் ஊடையும் அவனுடையன அல்ல. பெரிய முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ கொடுத்தவை. சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று நாம் அழைப்பது, 1935-ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. அதன் பின்னர் நூல் சங்கத்துச் சொத்தாக நெசவாளன் வீட்டிலிருத்தல் பெருவழக்காயிற்று. அப்பாவு ஜப்தியிற் சென்றால் பழைய கடனோடு நூலுக்குரிய கடனும் சேரும். பிறருடைய பொருள் ஜப்தியில் அகப்பட்டால், அதற்குரியவர் கோர்ட்டில் உரிமை கோரி மனுப் போடலாம் என்று 21-வது ஆர்டரின் 58-வது விதி கூறுகின்றது. ஆனால் நூல் கொடுத்த சீட்டும் கணக்கும் அவ்வீட்டினுள்ளேயே அடைபட்டிருந்தால் எதைக் காட்டி உரிமை கோருவது?

1938-ஆம் வருஷத்தில் ராஜாஜி மந்திரிசபை இயற்றிய சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தையும் இங்கே குறித்தல் வேண்டும். 1932-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதிக்கு முற்பட்ட கடன்களின் வட்டிப் பாக்கியை அது தள்ளுபடி செய்தது. அசலைப்போல் இருமடங்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டவர் கடன் தீர்ந்ததாகக் கொண்டது. அதனால் பல வீடுகள் தப்பின. ஆனால் அச்சட்டம் விவசாயிகளுக்கே உரியது. நிலமில்லாத நெசவாளனுக்கு அதனாற் பயன் அரிது.

கடன் கொடுப்போர் பத்திரத்திலேயே, "சட்டம் விலக்கிய பொருள்களையும் ஜப்தி செய்யச் சம்மதிக்கிறேன்" என்று எழுதி வாங்கிக்கொள்ளக் கூடுமன்றோ? அவ்வாறு எழுதிக் கொடுப்பது செல்லாது என்று 1976-ஆம் வருஷத்துத் திருத்தம் தெளிவாகக் கூறிவிட்டது. வறுமையில் வாடுபவன் எதற்கும் கையெழுத்திடுவான் என்பதை உணர்ந்து செய்த நன்மை இது.

இனி நம் காலத்திற்கு வருவோம். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின்படி, சென்னைபோன்ற சில நகரங்களிலும் வேறு சில குறிப்பிட்ட வகைகளிலும் அன்றி, கோர்ட்டுக்குப் போகாமல் ஈடுவைத்த வீட்டை விற்க ஒருவராலும் இயலாதிருந்தது. 2002-ஆம் வருஷத்தில் பார்லிமெண்டு இயற்றிய சர்பாசி சட்டம் இந்நிலையை மாற்றிவிட்டது. பாங்கிகள் டிக்ரி இன்றியே ஈட்டுச் சொத்தைக் கைப்பற்றலாம். 60 நாள் தவணை கொடுத்து நோட்டீஸ் விடவேண்டும். அதற்குக் கடனாளி ஆட்சேபம் எழுதினால் பாங்கி 15 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். பின்னர் ஜில்லா மாஜிஸ்டிரேட்டு அல்லது தலைமை மாஜிஸ்டிரேட்டின் உதவியோடு வீட்டைக் கைப்பற்றலாம். கைப்பற்றிய அறிவிப்பு வாயிற்கதவில் ஒட்டப்படும். இரண்டு செய்தித்தாள்களில், ஒன்று நாட்டுமொழித் தாளாக, வெளியிடப்படும். பழைய தமுக்கு இப்பொழுது செய்தித்தாளில் ஒலிக்கின்றது.

இச்சட்டத்தின்கீழும் தட்டுமுட்டுச் சாமான்களின் நிலை மாறவில்லை என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது. பாங்கிக்கு உரிமை ஈடுவைத்த பொருளின்மீது மட்டுமே. வீட்டை ஈடுவைத்தவன் வீட்டிலுள்ள பாத்திரத்தையும், பீரோவையும், பிள்ளைகளின் சான்றிதழையும், மருந்துப் பெட்டியையும் ஈடுவைத்தானல்லன். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு விலக்கிய பொருள்கள் இச்சட்டத்திற்கும் விலக்கே என்று அதன் 31-வது பிரிவு கூறுகின்றது. ஆனால் ஒரு கண்ணி அதில் உண்டு. அப்பொருளையே பெயர் சொல்லி ஈடாக எழுதிக் கொடுத்திருந்தால் விலக்கு உதவாது. தொழிற் கடன் வாங்கும் நம்மவர், தறியையும் கருவியையும் ஈடாக எழுதும் தாளில் கையெழுத்திடும் முன்னர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

அசையும் பொருளே ஈடாக இருந்தால், அதனைக் கைப்பற்றும் அதிகாரி இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் பஞ்சநாமா எழுதி, பொருட்பட்டியல் தயாரித்து, அதன் நகலைக் கடனாளியிடம் தரவேண்டும் என்பது 2002-ஆம் வருஷத்து விதிகளில் உள்ளது. 1864-ஆம் வருஷத்துப் பட்டியலே மீண்டும் வருவதைக் காண்க. ஈடுவைத்த பொருளுக்கே இத்தனை ஒழுங்கு வேண்டுமெனின், ஈடுவைக்காத பொருளை எண்ணாமல் எழுதாமல் அடைத்துப் பூட்டுவது எவ்வாறு தகும்?

ஆயினும் அவ்வாறே நிகழ்கின்றது. 60 நாளும் "எப்படியாவது பணம் புரட்டிவிடலாம்" என்னும் நம்பிக்கையிற் கழிகின்றன. குறித்த நாளன்று அதிகாரிகள் வருகின்றனர். ஒருமணி நேரத்தில் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு குடும்பத்தார் வெளியேறுகின்றனர். அல்லது முன்னமே வெட்கத்தால் ஊரைவிட்டுப் போயிருக்கின்றனர். கதவு பூட்டி முத்திரையிடப்படுகின்றது. உள்ளே அரைச் சேலை நெய்த தறி நிற்கின்றது. பல மாதங்கள் கழித்து வீட்டை ஏலத்தில் எடுத்தவர் பூட்டைத் திறந்து, உள்ளிருப்பவற்றைக் குப்பையென்று வண்டியில் ஏற்றிவிடுகின்றார். பாங்கியைக் கேட்டால், "நாங்கள் எடுக்கவில்லை" என்கின்றனர். ஏலம் எடுத்தவரைக் கேட்டால், "உள்ளே ஒன்றுமில்லை" என்கின்றார். இருவர் சொல்லையும் மறுப்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் குடும்பத்தாரிடம் இல்லை. இத்தகைய குறையோடு வருவோர்க்கு நாம் ஆறுதல் கூறலாமேயன்றி, காலங்கடந்த பின்னர்ப் பொருளை மீட்டுக் கொடுத்தல் அரிது.

காலங்கடவாமுன் செய்யத்தக்கவை யாவை எனின், அவை பலவல்ல. 60 நாள் நோட்டீஸ் வந்த அன்றே வீட்டிலுள்ள பொருள்களுக்குப் பட்டியல் எழுதவேண்டும்; கைப்பேசியில் அறை அறையாகப் படம் பிடித்து வைக்கவேண்டும். சான்றிதழ், ரேஷன் கார்டு, நூல் கணக்கு, மருத்துவச் சீட்டு ஆகியவற்றை முதலில் வேறிடத்திற்குக் கொண்டுபோதல் வேண்டும். பிறருடைய நூலோ பாவோ இருந்தால் அவர்க்கு அறிவித்து எடுத்துச் செல்லச் செய்தல் வேண்டும். வீட்டைக் கைப்பற்றும் நாளில் ஓடி ஒளியாமல் நின்று, உள்ளே தங்கும் பொருள்களுக்குப் பட்டியல் எழுதித் தருமாறு அதிகாரியைக் கேட்கவேண்டும். அவர் எழுதாவிடின் நாமே எழுதி, இருவர் சாட்சிக் கையெழுத்துடன் ஒப்புகை வரும் தபாலில் அனுப்பி, பொருள்களை எடுக்க நாள் குறிக்கும்படி கோரவேண்டும். கைப்பற்றிய முறை தவறென்று தோன்றினால், 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். அத்தீர்ப்பாயம் சென்னையிலும், மதுரையிலும், கோயமுத்தூரிலும் இருக்கின்றது. சட்டத்திற்கு மாறாகக் கைப்பற்றியது மெய்ப்பட்டால் நஷ்டஈடு பெறவும் அச்சட்டத்தின் 19-வது பிரிவு இடந்தருகின்றது.

வீட்டுப் பெண்டிரின் நகையைப்பற்றி ஒரு சொல். மனைவியின் சீதனம் அவளுக்கே முற்றும் உரியது, கணவன் அதற்குக் காவலனே என்று சுப்ரீம் கோர்ட்டு 1985-ஆம் வருஷத்தில் தீர்ப்பளித்தது. ஆகவே கணவன் தனித்து வாங்கிய கடனுக்கு மனைவியின் நகை பொறுப்பாகாது. இக்காலத்தில் பாங்கிகள் மனைவியையும் கடனிற் சேர்த்துக் கையெழுத்து வாங்குதல் வழக்கமாகையால், அக்கையெழுத்தின் பொருளை அவளுக்கு விளக்கிச் சொல்லுதல் வீட்டு ஆண்மக்களின் கடமை.

பணம் வசூலிக்க முரடர்களை ஏவும் வழக்கத்தைச் சுப்ரீம் கோர்ட்டு 2007-ஆம் வருஷத்தில் வன்மையாகக் கண்டித்தது. வசூலுக்கு வருபவர் அடையாளச் சீட்டும் பாங்கியின் அதிகாரக் கடிதமும் வைத்திருக்கவேண்டும் என்று ரிசர்வ் பாங்கி 2008-ஆம் வருஷத்தில் கட்டளையிட்டது. இவ்விரண்டனையும் காட்டும்படி கேட்பது குற்றமாகாது, கேளாதிருப்பதே தவறு.

இவ்வளவு கூறியபின், நம் குலத்தாரைப்பற்றியே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. நம்முள் கடன் வாங்குவோர் மட்டும் இலர், கொடுப்போரும் உளர். முன்பணம் தீரவில்லையென்று கூலி நெசவாளன் வீட்டிலிருந்து அச்சையும் நாடாவையும் எடுத்துப்போவோரும், சீட்டுப் பணம் கட்டவில்லையென்று அண்டாவையும் குடத்தையும் தூக்கிச் செல்வோரும் நம் தெருக்களிலேயே இருக்கின்றனர். "கொடுத்த பணத்துக்குத்தானே எடுத்தேன்" என்பது அவர்கள் வாதம். 1895-ஆம் வருஷத்திலேயே கல்கத்தா ஹைகோர்ட்டின் ஃபுல் பெஞ்சு இவ்வாதத்தை ஆராய்ந்து, கடனை வற்புறுத்தி வாங்குவதற்காகக் கடனாளியின் பொருளை அவன் சம்மதமின்றி எடுத்துச் செல்வது திருட்டே என்று முடிவு செய்தது. கோர்ட்டு அமீனாவே தொடக்கூடாத பொருளைத் தனிமனிதர் தூக்கிச் செல்லுதல் எங்ஙனம் நியாயமாகும்? பிறர் நமக்குச் செய்வதைக் கண்டு வருந்தும் நாம், நம்மவர் நம்மவர்க்குச் செய்வதைக் கண்டு வாளாவிருத்தல் அழகன்று.

இறுதியாக, சங்கத்தார்க்கு நம் வேண்டுகோள் இது. ஜப்தி வந்த வீட்டின் எதிரே கதவைச் சாத்துவதைக் குலமானம் என்று நம் முன்னோர் கருதினர். அவர்கள் கருத்து நல்லதே, விளைவு நல்லதன்று. சாத்திய கதவுகளின் இடையே ஒரு குடும்பம் சாட்சியின்றித் தன் பொருளை இழந்தது. ஆதலின் ஒவ்வோர் ஊர்க் கிளையிலும் எழுதப் படிக்கத் தெரிந்த இருவரைச் சங்கம் நியமித்தல் வேண்டும். நம்மவர் வீட்டிற்கு நோட்டீஸ் வந்ததென்று அறிந்தால், அவ்விருவரும் சென்று, கடனைப்பற்றி ஒரு சொல்லும் கேளாமல், பட்டியல் எழுதிக் கொடுத்தல் வேண்டும். வீட்டைக் கைப்பற்றும் நாளில் அவ்வீட்டாருடன் வாயிலில் நின்று சாட்சிக் கையெழுத்திடல் வேண்டும். எடுத்த சாமான்களைச் சில நாள் வைத்திருக்கச் சங்கக் கட்டிடத்தில் ஓர் அறை ஒதுக்குதலும் வேண்டும். தறிக்கு அவ்வறையில் இடமிருந்தால், வீடிழந்தவன் மறுவாரமே நெய்யத் தொடங்குவான்.

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. வெட்கத்தை ஒருபுறம் வைக்கும் துணிவே தேவை. வரும் பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவந்து நிறைவேற்றுமாறு கிளைச் சங்கத்துத் தலைவர்களையும் காரியதரிசிகளையும் வணக்கத்துடன் கேட்டுக்கொள்ளுகின்றோம்.